எருக்கலையை வழித்தெடுக்கச் சொன்ன நண்பருக்கு

சென்ற மாதம் கனடாவிலுள்ள நண்பர் ஒருவர் ஒரே நாளில் இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தார். முதலாவதில் ஒரு படம். ஸ்காபரோவில் அவருடைய வீட்டுக்குப் பின்புறமாகச் செல்லும் மின்கம்பித் தடத்தில், இடுப்பளவு வளர்ந்த ஒரு செடியின் பூங்கொத்தில், கறுப்புக் கோடுகள் ஓடிய செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று அமர்ந்திருக்கிறது. நடைபயிலப் போனபோது எடுத்த படமாம். இந்தச் செடியை இங்கே காசு செலவழித்து நடுகிறார்கள் என்று வியந்து எழுதியிருந்தார்.

இரண்டாவது மின்னஞ்சல் ஒரு வேண்டுகோள். வலிகாமத்தில் உள்ள அவருடைய தகப்பனார் வழிக் காணியைத் துப்புரவு செய்யுமாறு உள்ளூராட்சி சபையினர் படலையில் அறிவித்தல் ஒட்டிவிட்டார்களாம். எருக்கலை மண்டிக் கிடக்கிறதாம். ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் வேரோடு வழித்தெடுத்து, மறுபடி முளைக்காதபடி மருந்தும் அடித்துவிட்டால், செலவு எவ்வளவானாலும் அனுப்பிவைப்பதாக எழுதியிருந்தார்.

இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. படத்தில் இருந்த செடியும் காணியில் மண்டிய செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கிள்ளினால் பால் வடியும். இரண்டின் காயிலிருந்தும் வெண்பஞ்சு பறக்கும். படத்திலிருந்த வண்ணத்துப்பூச்சியின் நெருங்கிய இனம் ஒன்று நமது எருக்கலையிலே பிறந்து வளர்கிறது. அங்கே காசு கொடுத்து நடுவதை இங்கே காசு கொடுத்து அழிக்கச் சொல்கிறார். நெடுங்காலம் பத்திரிகையில் செய்திக்குத் தலைப்பு வைத்துப் பழகியவன் நான். இப்படியொரு தலைப்பு அண்மையில் எனக்கு அகப்படவில்லை. அவருக்குத் தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன்; நீண்டுவிட்டது. இதே நிலையில் உள்ள காணிக்காரர் உலகெங்கும் இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காணியைப் பார்க்க ஒரு நாள் காலை போயிருந்தேன். வேலி நின்ற இடத்தில் சில கிளுவைக் கதியால்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை எருக்கலை. சில என்னைவிட உயரம், ஒன்றிரண்டு பத்தடிக்கு மேல். மாப் பூசியது போன்ற சாம்பற் பச்சை இலைகள். அயலில் உள்ள புல்லெல்லாம் கருகி நிறம் மாறியிருந்த வெயிற்காலம் அது. எருக்கலை மட்டும் பூத்து நின்றது. நமது குடாநாட்டின் நிலம் மெல்லிய மண்ணும் அதற்குக் கீழே சுண்ணக்கல்லும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களில், நீர் இறைக்காத இடத்தில், ஆண்டு முழுவதும் பூத்து நிற்கக்கூடிய செடிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிஞ்சும்.

நான் நின்ற அரை மணி நேரத்தில் முதலில் வந்தது கருவண்டு. பனங்கைமரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும் அந்தக் கரிய, பெரிய வண்டைத்தான் சொல்கிறேன். எருக்கம்பூவின் நடுவே கிரீடம் போல ஓர் அமைப்பு இருக்கிறது அல்லவா? தேன் அதன் அடியில் இருக்கிறது. மற்றப் பூக்களைப் போல எருக்கம்பூ மகரந்தத்தைத் தூளாகக் கொட்டுவதில்லை. சிறு பொதிகளாகக் கட்டி, இரண்டிரண்டாகக் கொளுவி வைத்திருக்கிறது. தேன் குடிக்க வருகிற வண்டின் காலோ வாயோ அங்கேயுள்ள வெடிப்புக்குள் வழுக்கி நுழையும்போது பொதி மாட்டிக்கொள்கிறது. இழுத்துப் பறிக்க வலு வேண்டும். சிறு பூச்சிகளால் ஆகாத காரியம். கருவண்டின் உடற்பலத்துக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது இந்தப் பூட்டு.

இதில் தோட்டக்காரர் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் சிறு துளை வழியாகவே வெளிவருகிறது; பூவைப் பிடித்து உதறி அதிரச்செய்யும் வண்டினங்களே அதை நன்றாக வெளியேற்றும். கருவண்டு அவற்றில் ஒன்று. முருங்கைப் பூவுக்கும் அது போகிறது. கொடித்தோடைக்கு அதைவிடச் சிறந்த தரகர் இல்லை என்பது உலகமெங்கும் அறிந்த உண்மை. ஆனால் கத்தரியும் முருங்கையும் பூக்காத நாட்களில் அந்த வண்டு எதைத் தின்று உயிர் வாழும்? யாழ்ப்பாணத்து முருங்கைக்காயின் பெருமையைக் கொழும்பு வரைக்கும் பேசுகிறோம். அதைக் காய்க்கவைக்கும் கருவண்டுக்கு இடைக்காலத்தில் சோறு போடும் செடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி வண்ணத்துப்பூச்சிக்கு வருகிறேன். தமிழ்நாட்டு இயற்கை ஆர்வலர்கள் இதற்கு வெந்தய வரியன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நமது ஊரில் எல்லாமே வண்ணத்துப்பூச்சிதான். செம்மஞ்சள் இறகு, முன்னிறகின் நுனியில் கறுப்பு, கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள்: பார்த்தவுடன் தெரிந்துகொள்வீர்கள். பெண் பூச்சி எருக்கலை இலையில் ஒவ்வொன்றாக முட்டை இடும். வெளிவரும் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று சோடிக் கொம்புகள் போன்ற இழைகளோடு இருக்கும். அருவருக்கத்தக்க மயிர்க்கொட்டி அல்ல, மேனி வழவழப்பானது, கடிக்காது, சுணைக்காது.

அந்தப் புழு இலை தின்னும் விதத்தைச் சற்று நேரம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எருக்கம்பால் பசைபோல ஒட்டும். சிறு புழுவுக்கு அதுவே கண்ணியாகிவிடும். ஆகவே புழு முதலில் இலையின் நரம்பைக் கடித்து வெட்டிவிடுகிறது. பால் அந்த இடத்திலே வடிந்து தீர்ந்துவிட, அதற்கு அப்பால் உள்ள வற்றிய பகுதியை ஆறுதலாக இருந்து தின்கிறது. தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு வேலை தொடங்கும் மேசன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

பாலோடு நஞ்சும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்கிறது. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. புழு அதைத் தன் உடம்பிலே சேமித்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்த பின்னும் அந்த நஞ்சு அதைக் காக்கிறது. தின்ற பறவை வாந்தியெடுக்கும். அடுத்த தடவை அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும். 1960 களில் லிங்கன் பிரௌவர் என்ற அமெரிக்க ஆய்வாளர், நமது பூச்சியின் உறவினமாகிய மொனார்க் வண்ணத்துப்பூச்சியைப் புளூ ஜே என்ற பறவைகளுக்குத் தின்னக் கொடுத்து இதை மெய்ப்பித்தார். இந்தப் பாதுகாப்பைக் கண்டு வேறோர் இன வண்ணத்துப்பூச்சியின் பெண், தன்னிடம் நஞ்சு இல்லாமலே வெந்தய வரியனின் உடுப்பை அச்சொட்டாக அணிந்து திரிகிறது. ஆண் வேறு நிறம். அரச வாகனத்தின் இலக்கத்தகட்டைக் கள்ளமாகப் பொருத்தி ஓடுபவர்களைப் பற்றி ஒரு காலத்தில் நான் செய்தி எழுதியிருக்கிறேன். இதுவும் அப்படித்தான்.

தளிர்களில் மஞ்சள் நிற அசுவுணி கூட்டமாக ஒட்டியிருக்கும். நண்பர் அதைப் பார்த்தால் நோய் என்பார். அதைத் தின்ன வருகிற சிவப்புப் பொறிவண்டு, அது சுரக்கும் இனிப்புக்கு வருகிற எறும்பு, அடியில் சருகைக் கிளறிப் பூச்சி தேடும் புலுனிக் கூட்டம் என்று அந்த ஒரு செடியைச் சுற்றி ஓர் ஊரே நடக்கிறது. பங்குனி, சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது தேன்சிட்டு வருகிறது. விறாந்தைக் கொடியிலும் வாழை இலை நுனியிலும் பை போலக் கூடு தொங்கவிடும் அந்தச் சின்னஞ்சிறு குருவி, கூட்டின் உட்புறத்தில் குஞ்சுகளுக்கு மெத்தை போடுவதற்குப் பெரும்பாலும் எடுத்துவருவது எருக்கம்பஞ்சைத்தான். சுண்டிக்குளத்துக்குப் பூநாரை பார்க்க வாகனம் பிடித்துப் போகிறோம். 2015 இல் அது தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தவன்தான். படலைக்குள் நடப்பதைப் பார்க்க வாகனம் தேவையில்லை.

இப்படிப்பட்ட செடியின் மேல் நமக்கு ஏன் இத்தனை வெறுப்பு? காரணம் எனக்குத் தெரியும். எருக்கு முளைத்த வீடு என்றால் அழிந்த வீடு என்பது நம்மவர் வாய்வழக்கு. சங்கத் தமிழரும் அதைப் பெருமைக்குரிய பூவாக வைக்கவில்லை. காதலி கிடைக்காதவன் பனைமடலால் குதிரை செய்து ஏறி, ஊர் சிரிக்கத் தெருவில் வரும்போது சூடிக்கொள்வது எருக்கம்பூ மாலைதான். பாரியின் கொடையைப் பாடும்போது கபிலர் சற்று இரக்கம் காட்டுகிறார்: நல்ல பூ, கெட்ட பூ என்ற எந்தக் கணக்கிலும் சேராத எருக்கையும் ஒருவன் சூட்டினால் தெய்வம் வேண்டாமென்று சொல்லாது என்கிறார். பிள்ளையாருக்கு இன்றும் எருக்கம்பூ மாலை சாத்துகிறோம். வெள்ளெருக்கு என்றால் தேடிப் போய் வணங்குகிறோம், வேரில் பிள்ளையார் செதுக்குகிறோம். ஊதா எருக்கு வளவில் நின்றால் மட்டும் தரித்திரம்.

இந்த வெறுப்பில் எனக்கும் பங்குண்டு. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் எனது குடும்பமும் ஒன்று. 1996 இல் திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை. முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு எருக்கலை. வந்த முதல் வேலையாக மண்வெட்டி எடுத்து அதைத்தான் கொத்தினேன். வீட்டை உடைத்தவர் எவரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, எருக்கலை இருந்தது. அந்தக் கோபத்தை நான் இப்போதும் குறைத்துச் சொல்லமாட்டேன். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்குத் திரும்ப 2017 யூலை வரையில் காத்திருந்தார்கள். 27 ஆண்டுகள். தங்களுடைய அடுக்களை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் பற்றை வெட்டியே ஆகவேண்டியிருந்தது. எல்லாக் காணிகளும் இன்னும் திரும்பிவிடவுமில்லை. அந்த மக்களிடம் போய் எருக்கலையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லலாம். வீட்டைப் பாழாக்கியது எருக்கலை அல்ல. பாழான இடத்துக்கு அது முதலில் வந்தது, அவ்வளவே. மனிதர் எவரும் போக முடியாதிருந்த அந்தக் காணிகளிலும், 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகைவண்டி வரும்வரை தண்டவாளமின்றிக் கிடந்த பாதையோரங்களிலும், வண்ணத்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் சோறு போட்டது அது.

இப்போது அறிவித்தலுக்கு வருவோம். வெளிநாட்டிலுள்ளோரின் கவனிப்பாரற்ற காணிகளைத் துப்புரவாக்கச் சொல்வதற்கு அதிகாரிகள் கூறும் முதற் காரணம் டெங்கு. டெங்கு விளையாட்டான விடயமல்ல. 2023 இறுதியில் யாழ்ப்பாண வைத்தியசாலைகள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தெளிந்த நீரில். சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி, உடைந்த மலக்குழி மூடி, கூரைப் பீலி, நீர்த்தாங்கி: இவைதாம் அதன் வீடு. எருக்கலை இலையில் தண்ணீர் தங்குவதில்லை. பற்றை வழித்த காணியில் நான்கு சிரட்டை கிடந்தால் நுளம்பு பெருகும். எருக்கலை நின்ற காணியில் சிரட்டை இல்லாவிட்டால் பெருகாது. நண்பரின் காணியில் நான் எண்ணியபோது ஏழு பிளாஸ்ரிக் போத்தலும் ஒரு ரயரும் கிடந்தன. அவை அயலவர் எறிந்தவை. அறிவித்தலில் அவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டாவது காரணம் பாம்பு. இதில் நியாயம் உண்டு. புடையனும் விரியனும் உள்ள ஊர் நமது ஊர். ஆனால் பாம்பு தங்குவது கற்குவியலிலும் காவோலைக் கும்பத்திலும் எலி வளையிலும். அடியில் வெளிச்சம் விழும்படி விலகி நிற்கும் நாலைந்து எருக்கலையால் பாம்பு கூடிவிடாது. மூன்றாவது, பால் நஞ்சு என்பது. உண்மை. கண்ணில் பட்டால் பார்வையையே மங்கச் செய்துவிடும். வெட்டுபவர் கண்ணாடி அணியவேண்டும். பள்ளி முன்றலிலும் சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்திலும் அது நிற்கவேண்டியதில்லை. அலரியும் நஞ்சுதான், மஞ்சள் அலரி விதையால் இந்தக் குடாநாட்டில் போன உயிர்கள் கொஞ்சமா? அதை இன்றும் வேலியோரத்தில் அழகுக்கு வளர்க்கிறோம்.

என்னை உண்மையில் அச்சுறுத்துவது மண்வெட்டி அல்ல. எருக்கலை வெட்டினால் துளிர்க்கும். வழித்தெடுக்கும் பெக்கோ இயந்திரமும் அதற்குப் பின்னால் வருகிற களைநாசினியுமே அச்சம் தருகின்றன. கிளைபோசேற்றை இலங்கை அரசு 2015 இல் தடைசெய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. 2022 இல் தடையை எடுத்துவிட்டது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய நிலத்தடி நீரே. மேலே தெளித்தது எவ்வளவு விரைவில் கிணற்றுக்குப் போகக்கூடும் என்பதை ஏற்கெனவே உரத்தின் நைத்திரேற்று நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆள் இல்லாத காணிக்கு, அழகுக்காக, அயலவர் குடிக்கும் கிணற்றருகே நஞ்சு தெளிக்கக் கனடாவிலிருந்து காசு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

களை பிடுங்கத்தான் வேண்டுமென்றால் பார்த்தீனியம் இருக்கிறது. அது அமெரிக்காவிலிருந்து வந்த வந்தேறி. தோட்டத்தைக் கெடுக்கிறது, மனிதருக்குத் தோல் ஒவ்வாமையும் மூச்சுமுட்டலும் தருகிறது. அதைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கச் சொல்லி மாகாண சபை காலத்தில் இயக்கமே நடத்தப்பட்டது. பற்றை என்ற ஒரே சொல்லுக்குள் வந்தேறியையும் மண்ணின் செடியையும் ஒன்றாகக் கட்டி எறிவது, பெயர்ப்பட்டியல் பாராமல் தெருவில் வந்தவர் எல்லோரையும் பிடித்துச் செல்வது போன்றது. அந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல.

நண்பரின் படத்துக்குத் திரும்புகிறேன். வட அமெரிக்காவில் மொனார்க் புழு தின்பது பால்வடியும் அந்தச் செடிகளை மட்டுமே. சோளத்துக்கும் சோயாவுக்கும் களைநாசினி அடித்து அடித்துப் பெருவெளிகளில் அச்செடி அருகியது. மெக்சிகோவின் மலைக்காடுகளில் பனிக்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளின் தொகை விழுந்தது. வலசை போகும் மொனார்க்கை 2022 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலிட்டு, மறு ஆண்டு ஒரு படி தளர்த்தியது. ஒன்ராறியோ மாகாணம் அந்தச் செடியைத் தீய களைகளின் சட்டப் பட்டியலில் வைத்திருந்தது. 2014 இல் நீக்கியது. ரொறன்ரோவின் டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ஸ்காபரோவை ஊடறுத்து ரூஜ் பூங்கா வரை 16 கிலோமீற்றர் நீளத்துக்கு மின்கம்பிகளின் கீழிருந்த புல்தரையை மாற்றி, பழைய காட்டுப்பூக்களை விதைத்து வருகிறார்கள். மெடோவே என்று அதற்குப் பெயர். நண்பர் நடைபயிலும் இடம் அதுதான். இலங்கைக்கு வெளியே ஈழத்தமிழர் மிகச் செறிந்து வாழும் ஊர்களில் ஒன்றின் நடுவே அது ஓடுகிறது.

இன்னொன்றும் கேளுங்கள். ஹவாய்த் தீவுகளில் நமது எருக்கலையைக் கொண்டுபோய் நட்டு, பூவை மாலை கட்டுகிறார்கள். அந்த நாட்டின் கடைசி அரசி லிலியுஓகலானி விரும்பி அணிந்த பூ அது. அங்கு குடியேறிய மொனார்க் பூச்சிகள் அந்த எருக்கலையைத் தின்றே பெருகியிருக்கின்றன.

ஆகவே நண்பருக்கு எனது கணக்கு இது. இரண்டு பேரை இரண்டு நாள் அமர்த்தினேன். கிணற்றடியும் படலையும் ஒழுங்கைப் பக்கமும் துப்புரவாயின. கற்குவியலைப் பிரித்து எல்லையோரம் அடுக்கினோம். பார்த்தீனியத்தைப் பிடுங்கி எரித்தோம். போத்தல்களும் ரயரும் போயின. கிணற்றுக்கு வலை மூடி போட்டோம். மருந்து அடிக்கவில்லை. பின்வேலியோரம் ஒன்பது எருக்கலையை விட்டிருக்கிறேன். பார்க்க வந்த சபை உத்தியோகத்தர் அவற்றைக் காட்டி, இது ஏன் நிற்கிறது என்றார். இலையைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தார், கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தார், மகளுக்குக் காட்டவேண்டும் என்றார். பிறகு படிவத்தில் ஒப்பமிட்டுத் தந்தார்.

நானும் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இலையின் அடியில் தொங்கும் பச்சைக் கூடு அது. பொன் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள். இந்த வெயிலுக்கு இன்னும் ஒரு கிழமைக்குள் திறந்துவிடும் என்று நினைக்கிறேன். மிகுதிக் காசை என்ன செய்வது என்று எழுதுங்கள்.